ரெண்டு, மூணு, அஞ்சு

"கோடு ரெடி சார். டேட்டா மட்டும்தான் வரல."

போன மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஒரு பையன் போனில் சொன்னது. பந்தல் போட்டாச்சு, சமையல் முடிஞ்சாச்சு, மாப்பிள்ளை மட்டும்தான் வரவில்லை என்கிற மாதிரி. சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் இதே வாக்கியத்தை, இதே சிப்காட்டுக்கு வெளியே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, மீட்டர் ஓட ஓட 2000-ஆம் வருடம் சொன்னவன் நான். அதனால் சிரிப்பை விழுங்கிவிட்டு, "கேபிள் எங்கப்பா வாங்கினது?" என்றேன்.

"ஆன்லைன்ல சார். புத்தம் புதுசு."

அன்றைக்கு நான் சொன்னதும் இதுதான். ஆன்லைன் இருந்த இடத்தில் சென்னை ரிச்சி தெரு இருந்தது, அவ்வளவுதான்.

2000-ல் எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமா முடித்துவிட்டு, திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விஷுவல் பேசிக் 6 படித்திருந்தேன். ஆறு மாதப் படிப்பில் மூன்று சாதனைகள்: ஒரு கால்குலேட்டர், ஒரு லாகின் ஃபாரம், திரையில் இடமிருந்து வலமாக நகரும் ஒரு 'வெல்கம்'. இந்த மூலதனத்தோடு, எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் போட்டுத் தரும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். "சீரியல் போர்ட் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். மவுஸ் சொருகும் ஓட்டை என்ற அளவில் அது பொய்யில்லை.

முதல் வேலை கும்மிடிப்பூண்டியில். திருவள்ளூர் மாவட்டம் பிறந்து அப்போது மூன்று வருடம். மாவட்டத் தலைநகரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்துக்குள்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் திருவள்ளூரில் ஏறி, சென்னை வரைக்கும் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று மறுபடி வடக்கே ஏற வேண்டும். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகத் தெருவைச் சுற்றி வருகிற ஏற்பாடு. இந்தச் சுற்றுவழியை நான் அப்போது ரொம்பக் கேலி செய்வேன். அந்தக் கேலிக்கு வெகுநாள் கழித்து ஒரு பதில் கிடைத்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

எடைமேடையைப் பார்க்காதவர்களுக்கு: சாலையோடு சாலையாக ஒரு பெரிய இரும்புத் தட்டு. லாரி அதன்மேல் ஏறி நிற்கும். தட்டுக்கு அடியில் லோடு செல்கள், அதிலிருந்து ஒரு ஒயர் பக்கத்துக் கேபினுக்குள் போகும். கேபினில் இண்டிகேட்டர் என்று ஒரு பெட்டி, சிவப்பு எண்களில் எடையைக் காட்டும். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி ஆக்குகிற ஆலைகள் நிறைய. ஸ்கிராப் ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பணம். அதனால் அந்தக் கேபினுக்குள் நடக்கும் எதுவுமே சின்ன விஷயம் கிடையாது.

என் வேலை, இண்டிகேட்டரில் தெரியும் எண்ணைப் பக்கத்து மேஜையிலிருக்கும் கம்ப்யூட்டரில் தெரிய வைப்பது. இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம். அதைக் கடக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

கேபினில் ஒரு பெரியவர் இருந்தார். எடைச் சீட்டு எழுதுபவர். வெள்ளிக்கோல் மாதிரி நீண்ட கோலில் குண்டை நகர்த்தி நிறுத்துப் பார்த்த காலத்திலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். லாரி தட்டில் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங் பட்டையின் வளைவைப் பார்த்து, "பதினெட்டரை இருக்கும்" என்பார். நூறு கிலோ இப்படி அப்படி இருக்கும், அவ்வளவுதான். வருடம் 2000-க்கு மாறும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்ததை அவரிடம் சொன்னேன். "இங்க ஒண்ணும் ஆகல தம்பி. தேதியை நாந்தானே எழுதறேன்" என்றார்.

அவர் கைக்குப் பதிலாகத்தான் கம்ப்யூட்டர் வருகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் டீ வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு கிளாஸ் சொல்லிவிடுவார்.

முதல் நாள், இண்டிகேட்டரின் முதுகிலிருந்த ஒன்பது பின் சாக்கெட்டையும் கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த ஒன்பது பின் சாக்கெட்டையும் ரிச்சி தெரு கேபிளால் இணைத்தேன். இரண்டு பக்கமும் அழகாக உட்கார்ந்தது. சொருகினால் பொருந்துகிறது, அப்படியானால் வேலை செய்யும் என்று நினைத்தேன். எத்தனையோ சம்பந்தங்கள் இந்த நம்பிக்கையில்தான் முடிகின்றன. திரையில் ஒன்றுமே வரவில்லை.

ஒன்றும் வராததற்குக் காரணம் அமெரிக்காவில் 1960-ல் தொடங்குகிறது. ஆர்எஸ்-232 என்ற ஏற்பாட்டை அந்த வருடம்தான் வகுத்தார்கள். டெலிபிரிண்டர் போன்ற ஒரு முனையம், அதைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் ஒரு மோடம். இந்த இருவர் பேசிக்கொள்ள மட்டுமே அந்த விதி. முனையத்துக்கு எது வாயோ அது மோடத்துக்குக் காது என்று பின்களைப் பிரித்து வைத்தார்கள், நேர் கேபிள் போதுமானதாக இருந்தது. பிற்பாடு வந்த ஒன்பது பின் சாக்கெட்டில் கம்ப்யூட்டர் 3-ல் பேசும், 2-ல் கேட்கும், 5 இருவருக்கும் பொதுவான தரை. தொல்லை என்னவென்றால், என் இண்டிகேட்டரும் தன்னை முனையம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அதுவும் 3-லேயே பேசியது. நேர் கேபிளைப் போட்டதும் வாய்க்கு நேரே வாய், காதுக்கு நேரே காது. இரண்டு பேரும் கத்துகிறார்கள், இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், என் புரோகிராமில்தான் தப்பு என்பது. நாலு நாள் புரோகிராமைத் திருத்தினேன். திருத்திய ஒவ்வொரு தடவையும் ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஐந்து ஃபிளாப்பிகளில் நாலு படித்துவிட்டு ஐந்தாவது முரண்டு பிடிக்கும். மறுபடி பேசின் பிரிட்ஜ்.

ஐந்தாம் நாள் கம்பெனியின் சீனியர் போனில் கத்தினார். "லூப்பேக் போட்டுப் பாத்தியா?" அப்படி என்றால் என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன். கேபிளை இண்டிகேட்டரிலிருந்து கழற்று, கழற்றிய முனையில் 2-ஆம் ஓட்டையையும் 3-ஆம் ஓட்டையையும் ஒரு கம்பியால் இணை, கம்ப்யூட்டரில் ஹைப்பர் டெர்மினலைத் திறந்து ஏதாவது தட்டு. தட்டியது திரும்பி வந்து திரையில் தெரிந்தால் போர்ட்டும் சரி, கேபிளும் சரி.

கம்பிக்கு எங்கே போவது? பெரியவர் அரைஞாண் கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றித் தந்தார். அதை 'ப' மாதிரி வளைத்து 2-லும் 3-லும் சொருகினேன். தட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஹைப்பர் டெர்மினல் திறக்கும்போதே ஃப்ளோ கன்ட்ரோலை 'ஹார்ட்வேர்' என்று வைத்துக்கொண்டுதான் திறக்கும். அப்படி இருந்தால், எதிராளி 'அனுப்பு' என்று இன்னொரு ஒயர் வழியாகச் சொல்லும்வரை அது வாயே திறக்காது. எங்கள் ஊக்குக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' என்று மாற்ற அரை நாள். மாற்றியதும், தட்டியதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. ஊக்கைக் கழற்றினால் நின்றது. மறுபடி சொருகினால் வந்தது. பத்து தடவை செய்து பார்த்தேன்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நாம சொல்றதே நமக்குத் திரும்பி வருது. இதுல என்ன தம்பி இருக்கு?"

"நம்ம பக்கம் கோளாறு இல்லன்னு அர்த்தம் ஐயா."

"அப்ப எதிராளி பக்கம்தான்னு தைரியமா சொல்லலாம். பஞ்சாயத்துக்கு ஒரு ஊக்கு கொண்டுபோனா எவ்வளவு நல்லா இருக்கும்."

அடுத்து மல்டிமீட்டர். சீனியர் சொன்ன வித்தை இது. ஆர்எஸ்-232-ல் சும்மா இருக்கிற வாய் மைனஸ் வோல்டேஜில் இருக்கும். 1 என்பதற்கு மைனஸ், 0 என்பதற்குப் பிளஸ் என்று தலைகீழாக வைத்திருக்கிறார்கள், மூன்று வோல்ட்டிலிருந்து பதினைந்து வரை. கறுப்பு முனையை 5-ல் வைத்து, சிவப்பு முனையை 2-லும் 3-லும் மாற்றி மாற்றி வைத்தால், எதில் மைனஸ் பத்து பன்னிரண்டு காட்டுகிறதோ அதுதான் வாய். மற்றது காது. கம்ப்யூட்டரைத் தொட்டேன், 3. இண்டிகேட்டரைத் தொட்டேன், 3. அப்போதுதான் மண்டையில் ஏறியது. கனெக்டரைப் பிரித்து, 25 வாட் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, 2-லிருந்த ஒயரை 3-க்கும் 3-லிருந்ததை 2-க்கும் மாற்றி ஈயம் வைத்தேன். ஒன்பது பின்னில் எங்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று. "ரெண்டு மூணுக்கு, மூணு ரெண்டுக்கு, அஞ்சு அஞ்சுக்கு" என்று பெரியவர் வாய்ப்பாடு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எண்கள் வந்தன. தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் பூஜ்யமாக, முத்து முத்தாக. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் வந்து நிற்கையில் லாரி ஒன்று தட்டில் ஏறியது. திரையில் எண்ணுக்கு நடுவே கொம்பு முளைத்த ஏதேதோ குறிகள். லாரி இறங்கியது, மறுபடி பூஜ்யம். "வண்டி இல்லாதப்ப மட்டும் வேலை செய்யற எடைமேடையா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

ராத்திரி ரயிலில் உட்கார்ந்து, எந்த எண் ஒழுங்காக வருகிறது, எது வரவில்லை என்று பட்டியல் போட்டேன். 0, 3, 5, 6, 9 ஒழுங்கு. 1, 2, 4, 7, 8 கோணல். இந்த ஐந்துக்கும் அந்த ஐந்துக்கும் என்ன பகை? ஆஸ்கி அட்டவணையை எடுத்து ஒவ்வொரு எண்ணையும் பிட் பிட்டாக எழுதிப் பார்த்தபோது, வண்டி எண்ணூர் தாண்டும் நேரத்தில் விடை தெரிந்தது. கோணலாக வரும் எண்களில் எல்லாம் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படை.

பாரிட்டி என்ற சமாச்சாரம். ஏழு பிட் செய்தி, அதில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணி, ஒற்றைப்படையாக இருந்தால் எட்டாவதாக ஒரு 1 சேர்த்து இரட்டைப்படை ஆக்கி அனுப்புவது. வழியில் ஒரு பிட் கெட்டுப்போனால் கணக்கு உதைக்கும், கண்டுபிடித்துவிடலாம். நாம் மொய்யில் நூறு வைக்காமல் நூற்றியொன்று வைக்கிறோமே, அது ஆட் பாரிட்டி. என் இண்டிகேட்டர் ஈவன் பாரிட்டிக்காரன். 2400, ஈவன், 7, 1 என்று பேசிக்கொண்டிருந்தது. நான் 2400, நோ பாரிட்டி, 8, 1 என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆரம்ப பிட், கடைசி பிட் எல்லாம் சேர்த்து இரண்டுக்கும் மொத்தம் பத்து பிட்தான் என்பதால் எழுத்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. மொய்யில் கூட வைத்த ஒரு ரூபாயையும் அசலோடு சேர்த்து நான் படித்துக்கொண்டிருந்தேன். 0-வில் இருக்கும் 1-கள் இரண்டு, இரட்டைப்படை. அதனால்தான் காலித் தட்டு பொய் சொல்லவில்லை. புரோகிராமில் 'என்' என்ற ஒரு எழுத்தை 'இ' என்றும், 8-ஐ 7 என்றும் மாற்றினேன். அவ்வளவுதான் வேலை.

செட்டிங் பொருந்தாத சோகம் அந்தக் கேபினில் வாய்மொழியாகவும் நடந்துகொண்டிருந்தது. நெல்லூர்ப் பக்கத்து லாரி டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி "எந்த?" என்பார்கள். நான் "எந்த வண்டி? எந்த சீட்டு?" என்று விழிப்பேன். தெலுங்கில் எந்த என்றால் எவ்வளவு. ஒலி அதே ஒலிதான்.

அதற்கப்புறம் வந்த கோளாறு என் சொந்தத் தயாரிப்பு. இண்டிகேட்டர் 023480 என்று அனுப்புகிறது, அதாவது 23,480 கிலோ. சீரியல் போர்ட் அதை ஒரே மூட்டையாகக் கொடுக்காது. வர வரக் கொடுக்கும். முதலில் 023, கொஞ்சம் பொறுத்து 480. நானோ, ஆள் பேசி முடிக்கும் முன்பே "சரி சரி" என்று தலையாட்டுகிறவன் மாதிரி, கையில் கிடைத்ததை உடனே எடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பிரிண்டர் கர்ர் கர்ர் என்று ஓடி 480 கிலோ என்று சீட்டுத் தந்தது. பெரியவர் சீட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "480 கிலோவை இழுக்கறதுக்குப் பத்து சக்கரமாடா தம்பி?" வரியின் முடிவுக்குறி வரும்வரை வாங்கி வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, அது வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டில் கற்றுக்கொண்டேன். சீரியல் போர்ட்டுக்குப் புதிதாக வருகிற யாரும் இந்தக் குழியில் விழாமல் போனதை நான் பார்த்ததில்லை.

பதினோராம் நாள் எல்லாம் ஓடியது. முதலாளி சந்தோஷமாக என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் எதற்கு வைத்தார் தெரியுமா? கையால் எழுதினால் கள்ளக்கணக்கு வரும், மெஷின் பொய் சொல்லாது என்று. இதை என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது குரலைத் தாழ்த்தி, "எப்பவாவது எடையை நாமே டைப் பண்ற மாதிரி ஒரு சாவி வச்சுக் குடுங்க தம்பி. வெளிய தெரிய வேணாம்" என்றார்.

இண்டிகேட்டர் பழுதாகிற நாளில் அப்படி ஒரு வழி தேவைதான். அதற்காகத்தான் கேட்கிறார் என்று நம்ப எனக்கு வயது இருபத்திரண்டு என்பது உதவியது. எடைமேடைக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை போடுவது இண்டிகேட்டருக்குத்தான். கம்ப்யூட்டர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெறும் நகல் எழுதுகிறவன். ஆனால் அந்த ஊரில் எல்லோரும் கையில் வாங்கிப் பத்திரப்படுத்தியது நகலைத்தான். எஃப்9 சாவியில் அவர் கேட்டதைச் செய்து கொடுத்தேன். கூடவே, கையால் அடித்த எடையாக இருந்தால் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி விழும்படி வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. வீரமெல்லாம் இல்லை, சொன்னால் எடுக்கச் சொல்வாரே என்ற பயம்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது பெரியவர் டீ சொல்லிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நட்சத்திரம் நல்லா பிரகாசமா இருக்கு தம்பி" என்றார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இன்னொரு ஆலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், என் அனுபவத்துக்கு விழுந்த அடி என்பதால். அங்கே இண்டிகேட்டர் வேறு ரகம். எல்லாம் மாட்டி, ஒரு லாரியை ஏற்றி, இண்டிகேட்டரில் 12,210, கம்ப்யூட்டரில் 12,210 என்று ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரியே ஆள் விட்டார்கள். அறுபது டன் தட்டில் 84,320 கிலோ லாரி நிற்கிறதாம். சில பெட்டிகள் எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து தலைகீழாக அனுப்பும். 023480 என்பது 084320 என்று வரும். வாங்குகிறவன்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். நான் சோதித்துப் பார்த்த 012210, எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் 012210. ஊரில் ஓடுகிற லாரிகளில் விகடகவி எடையோடு ஒரு லாரி, அதுவும் என் சோதனை நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரு வண்டியை மட்டும் வைத்துச் சோதிப்பதில்லை.

சரி, போன மாதத்துக்கு வருவோம்.

அதே ரயில். நம்பர் மாறிய அதே கல்கத்தா ரோடு. எடைமேடைக் கேபினில் ஏசி. சீட்டு எழுதும் நாற்காலியில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர். நாலு மூலையிலும் கேமரா. சுவரில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்று ஒரு போஸ்டர். ஜெர்மனியில் ஹானோவர் கண்காட்சியில் 2011-ல் பிரபலமான சொல் கும்மிடிப்பூண்டிச் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போஸ்டருக்குக் கீழே புது இண்டிகேட்டர். அதன் முதுகைத் திருப்பினேன். ஒன்பது பின். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

பையன் நல்ல பையன். முதலில் தன் புரோகிராமைக் காட்டினான். பைத்தான், பைசீரியல். போர்ட்டைத் திற, ஒரு வரி படி, அனுப்பு. ஏஐ-யிடம் கேட்டானாம், பத்து விநாடியில் எழுதித் தந்துவிட்டதாம். நான் பதினொரு நாளில் வியர்த்து வழிந்து கற்ற 'முடிவுக்குறி வரும்வரை காத்திரு' அதில் ஒரே சொல்லாக இருந்தது. பொறாமை இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

"எத்தனை நாளா டேட்டா வரல?"

"அஞ்சு நாள் சார்."

பத்து விநாடியில் கோடு, ஐந்து நாளாக ஒயர். அதில் முதல் இரண்டு நாள் யுஎஸ்பி கன்வர்ட்டருக்குப் போயிருக்கிறது. இப்போது வருகிற சாதாரண லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி-யில் ஒரு வாலைச் சொருகி அதைச் சீரியலாக்க வேண்டும். வாலுக்குள் இருப்பது போலிச் சிப்பாக இருந்தால், ஒரிஜினல் சிப் கம்பெனியின் புது டிரைவர் அதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். 2014-ல் எஃப்டிடிஐ கம்பெனி போலிகளை முடக்கிப்போடுகிற டிரைவரையே வெளியிட்டு, உலகம் முழுக்கத் திட்டு வாங்கியது. பையன் பழைய டிரைவரைத் தேடிப்பிடித்துப் போட்டு இதைத் தானே தாண்டியிருந்தான். அந்த வித்தை எனக்குத் தெரியாது. அடுத்து, அந்த வாலை வேறு ஓட்டையில் சொருகினால் காம்3 என்றிருந்தது காம்7 ஆகிவிடும், அதையும் கண்டுபிடித்திருந்தான். எங்கள் காலத்தில் காம்1, காம்2 என்று அசையாச் சொத்து மாதிரி இருந்தவை, இப்போது வாடகை வீடு மாதிரி நம்பர் மாறுகின்றன.

"லூப்பேக் போட்டியா?"

"அப்படின்னா சார்?"

பையிலிருந்து ஊக்கை எடுத்தேன். பெரியவருடையது இல்லை, அது எங்கோ தொலைந்துவிட்டது. ஆனால் அதன் வம்சம். 'ப' மாதிரி வளைத்திருப்பேன் எப்போதும். பையன் புட்டியைத் திறந்து, அதாவது புட்டி என்று பெயர் வைத்த மென்பொருளைத் திறந்து, தட்டினான். தட்டியது திரும்பி வந்தது. அவன் முகத்தில் தெரிந்த சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஊக்கைக் கழற்றினான், சொருகினான், கழற்றினான்.

"நம்ம பக்கம் ஓகே சார்!"

மல்டிமீட்டர். கன்வர்ட்டர் பக்கம் 3-ல் மைனஸ் ஆறு சொச்சம். காலத்துக்கேற்ப வோல்டேஜும் மெலிந்துவிட்டது. இண்டிகேட்டர் பக்கம் 3-ல் மைனஸ் ஒன்பது. வாய்க்கு நேரே வாய். சால்டரிங் அயர்ன் கேட்டேன். அப்படி ஒன்று அந்தக் கேபினிலோ பையனின் பையிலோ இல்லை. வெல்டிங் செட் இருக்கிறது, கொண்டுவரவா என்று ஒடிசாக்காரர் இந்தியில் கேட்டார், நல்லெண்ணத்தில்தான். எடைமேடைப் பக்கம் வெல்டிங் போட்டால் லோடு செல் போய்விடும் என்பதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நல்ல வேளையாக என் பையில் குறுக்காக மாற்றி ஒயர் போட்ட ஒரு சின்ன அடாப்டர் இருந்தது, கட்டைவிரல் நீளம். நடுவில் சொருகினோம்.

திரையில் எண் விழுந்தது. ஒரு நொடி தாமதம்.

"ஏன்பா லேட்டா வருது?"

"கிளவுட் சார். இங்கருந்து மும்பை சர்வருக்குப் போய், டேஷ்போர்டுக்குத் திரும்பி வருது."

நாலடி. இண்டிகேட்டரிலிருந்து நாலடி தள்ளியிருக்கிற திரைக்கு, மும்பை போய் வருகிறது. பேசின் பிரிட்ஜைக் கேலி செய்த வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜன்னலில் ஒரு தலை நீண்டது. "எந்த?" என்றார் டிரைவர். ஒடிசாக்காரர் சற்றும் தயங்காமல் தெலுங்கில் எடையைச் சொன்னார். அவர் எப்போது, யாரிடம் கற்றாரோ.

கிளம்பும்போது அந்த ஆலை முதலாளியின் மகன் வந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையானவர். பையனுக்கும் எனக்கும் கை கொடுத்துவிட்டு, ஏசி அறைக் கதவைச் சாத்தினார். "சார், ஒரு சின்ன ஆப்ஷன். இண்டிகேட்டர் மக்கர் பண்ணா வெயிட்டை நாமளே என்டர் பண்ற மாதிரி. அட்மினுக்கு ஓடிபி வர்ற மாதிரி வச்சுக்கலாம். ஆனா அது டேஷ்போர்டுல தனியா தெரிய வேணாம்."

பையன் என்னைப் பார்த்தான்.

"செஞ்சு குடுத்துடலாம் சார்" என்றேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே பையன் போனில் ஏஐ-யைத் திறந்து அந்த ஆப்ஷனைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். சுறுசுறுப்பான பையன், நேரத்தை வீணாக்குவதில்லை.

"அதுகிட்ட இன்னொண்ணும் சொல்லுப்பா" என்றேன். "கையால அடிச்ச வெயிட்டா இருந்தா, சீட்டுல நம்பருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்டார் விழணும்."

"எதுக்கு சார் ஸ்டார்?"

யூனிட் ரயில் வந்துவிட்டது. ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. பேசின் பிரிட்ஜ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீஞ்சூரைத் தாண்டியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.